பன்னிரண்டாவது நாற்காலி

கீரப்பாளையம்
2009

அன்புள்ள மச்சானுக்கு,

இது என் கையெழுத்துதான். முதியோர் வகுப்பில் கற்றேன். ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. உன் அக்கா பார்த்துச் சிரிக்கிறாள்.

முந்தாநாள் பெரிய வியாழன். இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல, கோவிலில் சாமியார் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவினார். அதில் நம் தெருக்காரன் கால் ஒன்றுகூட இருந்ததில்லை என்றுதானே நீ கோவிலை வெறுத்துக் கடலூர் போனாய்? இந்த வருஷம் பன்னிரண்டாவது நாற்காலியில் நான் உட்கார்ந்தேன், மச்சான்!

சேறு அவர் கையில் படக் கூடாதென்று பம்புசெட்டில் செங்கல்லால் தேய்த்துக் கழுவிவிட்டுப் போயிருந்தேன். சாமியார் சிரித்துவிட்டார்.

"என்னா பெரியவரே, எனக்கு வேலயே வைக்கலியே?"

"வெடிப்புக் காலு சாமி. நீங்க தொடணுமே."

"கடவுள் மனுசன தன் சாயல்ல படைச்சாரு. கால மட்டும் வேற யாராவது செஞ்சாங்களா?"

குனிந்து முத்தமிட்டார். கண்ணை மூடினேன். நடவுக்கு விட்ட முதல் தண்ணீர் வயலெல்லாம் பரவுவதுபோல இருந்தது. அந்த ஈரம் இன்னும் காயவில்லை போலிருக்கிறது.

அடுத்த வருஷத்துக்கு நம் தெருவில் இன்னொருவரைக் கேட்டார். உன்னைச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு சிப்காட்டில் வேலை முடிந்ததும் அப்படியே பஸ் ஏறி வா. கால் மட்டும் கழுவிவிடாதே.

தன் கையாலேயே எழுதும்,
உன் அக்காவைக் கட்டியவன்