செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

அன்புள்ள அண்ணைக்கு,

எங்கள் கிணறு தேறிவிட்டது! இதைச் சொல்லத்தான் நேற்று உடுப்பிட்டிக்கு வந்தேன். உங்கள் படலை பூட்டியிருந்தது.

அளவுக்கு மீறி இறைத்ததால் ஏறிய உப்பு, நேற்று அளந்தபோது பாதியாகக் குறைந்திருந்தது. பக்கத்துக் காணிக் கேதீஸ்வரி அக்கா ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "இனிப் பால் தேத்தண்ணி திரையாது பிள்ளை" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் அதிகாரத்தைக் காட்டி உங்களை வென்றதாக ஊரில் சொல்கிறீர்களாம். நீங்கள் பவுசர் லொறிகளுக்குத் தண்ணீர் விற்பது எங்கள் கிணற்றிலிருந்து என்று தெரிந்ததுமே அந்த முறைப்பாட்டுக் கோப்பை எங்கள் நீர்வளக் கந்தோரில் வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன். மத்தியஸ்த சபைக்கு நான் நீர்வள அதிகாரியாக வரவில்லை. என் சீதனக் காணி உறுதிப் பத்திரத்தோடு பங்குகாரியாகத்தான் வந்தேன். அதில் கிணற்றில் கால் பங்கு எனக்கென்று எழுதுவித்தது யார்? "தண்ணியிலை பங்கில்லாத காணி என்ரை தங்கச்சிக்கு வேண்டாம்" என்று உறுதி எழுதிய நொத்தாரிசு முன்னால் சத்தம் போட்டது நீங்கள்தானே! அந்த வரியை நான் சபையில் வாசித்ததும் விற்பனையை நிறுத்தக் கையெழுத்து வைத்தீர்கள்.

இறைப்பு முறையைத் திரும்ப எழுதிக் கிணற்றடியில் ஒட்டியிருக்கிறேன். செவ்வாய் காலை உங்கள் முறை. இறைக்கிற மெசினை நீங்கள் போடுங்கள். வெங்காயத்துக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாற இன்னொரு ஆள் வேண்டுமே? லீவு போட்டுவிட்டேன், மண்வெட்டியோடு வருவேன்.

அன்றைக்குப் படலையைப் பூட்டாதீர்கள்.

உங்கள் தங்கச்சி,
கால் பங்குகாரி