குச்சி விழுந்தது, சாமி சிரித்தது

ஜூலை 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மேகம். ஏரி எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. கெய்சர் ரிப்பேர். ஆறாம் ரூமில் மட்டும் ஆள், மற்றதெல்லாம் காலி.

முதலாளி வந்தார். மேனேஜர் நாற்காலிக்கு அவருடைய மருமகனாம், திங்கட்கிழமை முதல். "சின்ன வயசும்மா, ஹோட்டல் சோலி ஒண்ணும் தெரியாது. நீதான் கூட இருந்து சொல்லிக் குடுக்கணும்." சீசன் முடியட்டும், அந்த இடம் உனக்குத்தான் என்று ஏப்ரலில் சொன்ன அதே வாய். "சரிங்க சார்" என்றேன். எனக்கும் ஒரு வாய்.

வாங்க வேண்டியது: பால், மெழுகுவர்த்தி, முட்டிக்குத் தைலம்.

ஆயக்குடியிலிருந்து அண்ணன் போன். என் சொந்த செல்லில்தான் வந்தது. எடுத்ததும் "வணக்கம், ஹோட்டல் ரிசப்ஷன், எத்தனை பேருங்க?" என்று வந்துவிட்டது. "ஏ ராணி, எனக்கு ரூமெல்லாம் வேணாம்" என்று சிரித்தான். கொய்யா விலையைப் பற்றிப் புலம்பிவிட்டு வைத்துவிட்டான். மேனேஜர் விஷயத்தைச் சொல்ல நான் வாயெடுக்கும் முன்பே. 

ஜூலை 9, புதன்

மேகம். அதே ஸ்வெட்டர்.

வத்தலக்குண்டு லாட்ஜ்காரர் மறுபடி கூப்பிட்டார். முன்பு இங்கே வந்து தங்கியவர். மலைக்குக் கீழே, அந்த ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சின்ன லாட்ஜ். ஏரி கிடையாது, இரைச்சல் உண்டு. ஆனால் மேனேஜர் வேலை. "சனிக்கிழமைக்குள்ள ஒரு வார்த்த சொல்லிருங்க." இந்த ஊரில் எத்தனையோ பேருக்கு வழி சொல்லியிருக்கிறேன், தூண்பாறைக்கு, பஸ்ஸுக்கு, ஆஸ்பத்திரிக்கு. போகட்டுமா வேண்டாமா என்று நான் கேட்க ஓர் ஆள் இல்லை.

ஆறாம் ரூம்காரர்கள் மலேசியா, பினாங்கு. மீனா தமிழ்ப் பெண். அவள் புருஷன் சீனர், அவர் வரவில்லை. கூட வந்திருக்கும் மெய்லின் அவருடைய தங்கை. என் வயதுதான் இருக்கும். வேண்டுதலுக்குப் பழனியில் மொட்டை போட்டுக்கொண்டு நேராக மேலே வந்திருக்கிறாள். தலையில் சந்தனம், அதன்மேல் கம்பளிக் குல்லா.

காபி குடிக்க வந்தவர்கள் ஹீட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மெய்லின் பையிலிருந்து ஒரு மூங்கில் குவளையை எடுத்தாள். உள்ளே நிறையக் குச்சிகள், ஒவ்வொன்றிலும் எண். கேள்வியைச் சொல்லிக் குலுக்க வேண்டும். ஒரு குச்சி மட்டும் விழும். அந்த எண்ணுக்குப் புத்தகத்தில் பலன். ஆனால் அது சாமி கொடுத்ததுதானா என்று முதலில் இரண்டு பிறைக் கட்டைகளைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று மல்லாந்து ஒன்று கவிழ்ந்தால், ஆமாம். இரண்டும் மல்லாந்தால் சாமி சிரிக்கிறது என்று அர்த்தம்.

ரூம் சுத்தம் செய்கிற பேச்சியக்கா, வில்பட்டிக்காரி, துடைப்பத்தோடு நின்றுவிட்டாள். "நம்ம முருகங்கிட்ட பூவப் பொட்டலங் கட்டிப் போட்டு எடுத்தா, செகப்பா வெள்ளையா, உண்டா இல்லையான்னு வெரசா தெரிஞ்சிரும். இதுக்குப் போயி சீனா வரைக்குமா?"

"பழனிச் செலையச் செஞ்ச போகரே சீனாவுக்குப் போய்ட்டு வந்தவர்தானக்கா" என்றேன்.

"அப்பச் சரி. குலுக்கு."

பெயர், விலாசம் சொல்லித்தான் கேட்க வேண்டுமாம். சாமிக்கு ஆள் தெரிய வேண்டுமே. முட்டி போட்டேன், சொன்னேன், குலுக்கினேன். குச்சி விழுந்தது. கட்டை இரண்டும் மல்லாந்தது. மறுபடியும் அப்படியே. மூன்றாவதும் சிரிப்புதான். மெய்லினும் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. கெய்சர் மெக்கானிக் வந்துவிட்டார் என்று சொல்லி எழுந்து போய்விட்டேன். அவர் இன்றும் வரவில்லை.

ஜூலை 10, வியாழன்

மழை. கரண்ட் வருவதும் போவதுமாக.

மீனா கவுன்டருக்கு வந்தாள். பினாங்குக்காரிக்குப் பேச்சில் ஒரு 'லா' உண்டு. "நேத்து நீங்க பேரே சொல்லலை லா. 'ஹோட்டல் ரிசப்ஷன், ஏரி ரோடு, கொடைக்கானல்'னு சொன்னீங்க. அப்புறம், ஹோட்டலுக்கு யார் மேனேஜர்னு கேட்டீங்க. ஹோட்டல் வந்து முட்டி போட்டா சாமி சிரிக்காம என்ன செய்யும்?"

ஐயோ. நிஜமாகவே அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

மெய்லின் குவளையை நீட்ட, மறுபடி முட்டி போட்டேன். செல்வராணி. மேட்டுத் தெரு, பச்சைக் கதவு, மாடிப்படிக்குக் கீழே உள்ள அறை. தனியாக இருக்கிறேன். கடைசியில் உள்ளதை யாரும் கேட்கவில்லை, தானாக வந்துவிட்டது. நான் கீழே இறங்கிப் போகட்டுமா? என் பெயரை என் குரலில் கேட்டு வெகுநாள் ஆகியிருக்க வேண்டும், யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

ஒரு குச்சி. கட்டை ஒன்று மல்லாந்தது, ஒன்று கவிழ்ந்தது.

மெய்லின் புத்தகத்தைப் பார்த்து வாசிக்க, மீனா தமிழில் சொன்னாள். பலன் நடுத்தரம். உத்தியோகம்: மெதுவாக. வழக்கு: சமாதானம். தொலைந்த மாடு: கிடைக்கும்.

நடுத்தரமா! இதற்கா இந்த முட்டியோடு இத்தனை தடவை? போவதா இருப்பதா என்று ஒரு வரி இல்லை. என்னிடம் மாடும் இல்லை. அதைச் சொன்னதும் மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நான் அப்படிச் சிரித்தது எப்போது என்று ஞாபகமில்லை.

ஜூலை 11, வெள்ளி

வெள்ளனே கிளம்பிவிட்டார்கள். மீனா காரில் ஏறிய பிறகு மெய்லின் திரும்பி வந்து, என் கன்னம் இரண்டையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். புரியவில்லை. கை மட்டும் சூடாக இருந்தது. அம்மா போனபின் என் முகத்தை யாரும் தொட்டதில்லை. 

ஆறாம் ரூம் சாவியை ஆணியில் மாட்டினேன். எல்லாச் சாவியும் போர்டில் இருக்கிறது.

பேச்சியக்கா: "என்னத்தா, ஒரு மாதிரி கெடக்கு மூஞ்சி?"

"ஒண்ணுமில்லக்கா."

ஜூலை 12, சனி

மேகம். பால் திரிந்துவிட்டது. கெய்சர் ஒருவழியாக ஓடுகிறது.

பத்து மணிக்கு செல் அடித்தது. எடுத்தேன். "செல்வராணி பேசுறேன்."

"வத்தலக்குண்டுலருந்துங்க. என்ன முடிவு பண்ணீங்க?"

"வர்றேங்க."

"சந்தோசங்க. லெட்டர் அனுப்பணும், விலாசம்?"

மேட்டுத் தெரு, பச்சைக் கதவு என்றேன்.

"நீங்க தங்கவும் இங்கயே ரூம் ஒதுக்கிரலாம். எத்தன பேருங்க?"

வருஷக்கணக்காக எல்லோரிடமும் நான் கேட்ட கேள்வி. என்னிடம் யாரும் கேட்டதில்லை.

"ஒரு ஆளுங்க" என்றேன்.