மூன்றாம் வகுப்பில் ஓர் அரிவரிப் பிள்ளை

அம்மன் துணை

லிந்துலை
1957 தை

அன்பு மகள் ராசம்மாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் மகள் பூரணியும் அம்மன் தயவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், கொழும்பில் நீயும் நீ வேலை செய்கிற பங்களாக்காரர்களும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொள்கிறேன். பூரணி சோம்பேறித்தனப்பட்டுப் பள்ளிக்கூடம் போகாமல் பெயர் வெட்டுப்பட்டாளாமே, மாமா எழுதியிருக்கிறாரே, நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருந்தாய். நீ மனது உடைந்துபோவாய் என்றுதான் சொல்லவில்லை. பெயர் வெட்டினது உண்மை. வெட்டின அன்று பள்ளிக்கூடக் கமிட்டியில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு ஒருவரும் நான் இல்லை என்று நழுவக் கூடாது. அட்டனிலிருந்து வந்த பாதிரியார், பெரிய வாத்தியாரான யாழ்ப்பாணத்துத் தம்பு மாஸ்டர், அ ஆ எழுதப் பழகுகிற அரிவரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற குணபூசணி டீச்சர், தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா, பெற்றவர்கள் பக்கம் மேல் லயத்து வீட்டு வேலாயி, தேயிலை அரைக்கிற ஸ்டோரில் ராத்திரி வேலை முடித்து வந்து உட்கார்ந்தபடியே தூங்கிய செல்லசாமி, கோட்டுப் போட்டுக்கொண்டு முன் வாங்குப் பலகையில் என் கூடப்பிறந்த தம்பி, உன் தாய்மாமன் பொன்னையா, பின் வாங்கில் நான்.

விசயம் என்னவென்றால் போன வருசத் தொடக்கத்தில் மிஷனிலிருந்து ஒரு உத்தரவு வந்தது, ஒவ்வொரு பள்ளிக்கூடமும் இந்த வருசம் எதில் முன்னேறப் போகிறது என்று தை மாதமே சொல்லிவிட வேண்டுமாம், மார்கழியில் பாதிரியார் வந்து பார்ப்பாராம். முன்னேறிவிட்டுச் சொன்னால் போதாதா என்று நான் கேட்டேன், மாஸ்டர் சிரித்தார். கரும்பலகையின் மேல் ஓரத்தில் குறிக்கோள் என்று மூன்றை எழுதி ஒருவரும் அழிக்கக் கூடாது என்று கட்டளை போட்டார். பிள்ளைகள் தலையில் பேன் இருக்கக் கூடாது, ஜெபத்தைப் பார்க்காமல் சொல்ல வேண்டும், ஒரு பிள்ளையும் ஒரு நாளும் வராமல் இருக்கக் கூடாது. பேன் பார்க்க நான் இருக்கிறேன். ஜெபத்தை நம் பூரணி நெற்றியில் திருநீற்றோடு நின்று வேதக்காரப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுத்தாள். வினை மூன்றாவதில், பிள்ளைகள் வருகிற கணக்கில்தான் வந்தது.

சித்திரை வைகாசியில் கொழுந்து எப்படி அள்ளிக் கொடுக்கும் என்று உனக்குத் தெரியும். காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு ஒருத்தியையும் வீட்டில் நிற்க விடவில்லை. அந்த நேரம் பார்த்துப் பிள்ளைக்காம்பரா ஆயா வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள், கைப்பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை, வீட்டுக்கு ஒரு பெண் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி இடுப்பில் ஒரு குழந்தையை ஏற்றிவிட்டார்கள், நானறிந்த காலம் தொட்டு இந்தத் தோட்டத்தில் அதுதான் வழக்கம். பொன்னையாவுக்கும் அவன் பெண்சாதி மீனம்மாவுக்கும் பெண் பிள்ளை இல்லை, மூத்தவன் அழகன் இருக்கிறான், ஆனால் அவன் ஆம்பிளையாம். பொன்னையா வந்து என் அடுப்படியில் குந்திக்கொண்டு, அக்கா, மீனம்மா கொழுந்தெடுக்க மலைக்கு போயே ஆகணும்க்கா, கடைக்குட்டிய பாத்துக்க நம்ம பூரணிய விடுக்கா, கொஞ்ச நாளைக்குத்தான், வேற யாருகிட்ட போயி கேப்பேன் என்றான். கூடப்பிறந்தவன் கேட்டால் எப்படி இல்லை என்பது. ஆயா எழும்பி நடக்கிற வரை பூரணி அவர்கள் காம்பராவில் கிடந்து அவன் பிள்ளையின் மூத்திரத் துணி அலசினாள், அழகன் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிந்து வாரிக்கொண்டு அவள் முன்னாலேயே பள்ளிக்கூடம் போனான்.

ஆடியில் குறிக்கோள் எப்படிப் போகிறது என்று பார்க்கக் கூட்டம் வைத்தார்கள். பிள்ளைகள் ஒழுங்காக வருகிறார்களா என்று பாதிரியார் கேட்டார். மாஸ்டர், கொழுந்துக் காலத்தில பிள்ளையள் வராட்டி நான் என்ன செய்யிறது ஐயா, லயத்துக்குப் போய்த் தூக்கிக்கொண்டோ வாறது என்றார். பாதிரியார் முகம் வாடிவிட்டது. பொன்னையாவுக்குப் பெரிய ஆட்கள் முகம் வாடினால் தாங்காது. பெற்றோர் தலைவர் என்று அவனுக்கு ஒரு பதவி கொடுத்திருக்கிறார்கள், கோட்டு அதற்காக வாங்கியது. எழும்பிப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, வராத புள்ளைங்க பேர வெட்டிட்டா மிச்சம் இருக்கிறது எல்லாம் வந்த புள்ளைங்கதானுங்களே ஐயா என்றான். மாஸ்டர் கொஞ்சம் யோசித்து, அது சரிதான், பேர் இருந்தால்தானே வராத பிள்ளை என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. அப்ப பேன் இருக்கிற தலையெல்லாம் வெட்டிட்டா அந்தக் குறிக்கோளும் சரியாயிருமுங்களா ஐயா என்று கேட்டேன். கண்டாக்கு ஐயா சிரித்துவிட்டு, பாதிரியார் சிரிக்காததைக் கண்டு இருமினார். நான் விடவில்லை, டேய் பொன்னையா, எம் பேத்தி எங்க கெடந்தான்னு நீயே ஐயாகிட்ட சொல்லு என்றேன். அவன் என்னைத் திரும்பிப் பார்க்காமல், குடும்ப விசயத்த கமிட்டியில பேசக் கூடாதுக்கா என்றான். கையைத் தூக்கச் சொன்னார்கள். முதல் கை அவனுடையது. செல்லசாமி விழித்துப் பார்த்தான், மற்றவர்கள் கை மேலே இருந்ததால் தானும் தூக்கிவிட்டுத் திரும்பத் தூங்கினான், அவன் மகள் பெயரும் சேர்ந்துதான் வெட்டுப்பட்டது என்று வீட்டுக்குப் போய்த்தான் அறிந்தான். வேலாயி தன் பிள்ளை பெயரும் போகிறதே என்று அழுதாள். குணபூசணி டீச்சர் சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்கழியில் பாதிரியார் வந்தார், ஒரு வாங்கும் காலியாக இல்லை, காலி வாங்கைத்தான் பின்னால் கொண்டுபோய் அடுக்கிவிட்டார்களே. மிகவும் சந்தோசப்பட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சுவர்க்கடிகாரமும் நாள் தவறாமல் வந்த அழகனுக்கு ஒரு படப் புத்தகமும் கொடுத்தார். பொன்னையா கண்ணைத் துடைத்துக்கொண்டானாம். பூரணி அந்நேரம் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த வாரம் கங்காணி வாசலில் நின்று அவளை மேலும் கீழும் பார்த்து, வளந்துட்டா போலருக்கே, கொழுந்தெடுக்க பேரு பதிஞ்சிரலாமா என்று கேட்டான். ஒரு முறை கூடை முதுகில் ஏறினால் இறங்காது. நீ அங்கே அடுத்த வீட்டுத் தரையைத் துடைப்பது இதற்காகவா.

இந்த வருசக் குறிக்கோள் என்ன தெரியுமா, பிள்ளைகள் தொகையைக் கூட்டுவது. ஒரு நாளும் லயத்துப் பக்கம் எட்டிப் பார்க்காத தம்பு மாஸ்டர் நாங்கள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் வந்து நின்று, அம்மா, பூரணியை விடுங்கோ, புதுப் பிள்ளையாப் பதியலாம் என்றார். எந்த வகுப்பு என்றேன். புதுப் பிள்ளையெண்டால் அரிவரிதானே என்றார். மூணாம் வகுப்புப் புள்ள அவ, மூணாம் வகுப்புல ஒக்காந்தா வருவா, இல்லாட்டி வெட்டுன புள்ளைங்க ஒண்ணும் வராது, எல்லா வீட்டுலயும் பேசி வச்சிருக்கேன் என்றேன். அப்போது பேசியிருக்கவில்லை, அவர் போன பிறகுதான் ஓடிப்போய்ப் பேசினேன், எல்லாரும் என் பக்கம் நின்றார்கள். மறுநாள் மாஸ்டர் இறங்கி வந்தார். இப்போது உன் மகள் எழுத்தில் அரிவரி, வாங்கில் மூன்றாம் வகுப்பு. அரிவரிப் பிள்ளைகள் வாசிக்கப் பழக வேண்டும் என்பதும் இந்த வருசக் குறிக்கோளாம், மார்கழியில் பூரணி பைபிளை எடுத்து மளமளவென்று வாசிக்கப் பாதிரியார் மிஷனின் முன்னேற்றத்தை நினைத்து உருகட்டும், எனக்கென்ன.

போன ஞாயிற்றுக்கிழமை பொன்னையா கருப்பட்டியோடு வந்தான். சித்திரை வரப்போகுதுக்கா, பூரணிதான் புதுப் புள்ளையாச்சே, கொஞ்ச நாள் போகாட்டி யாரு கேக்கப் போறா என்றான். கருப்பட்டியை அவன் கோட்டுப் பைக்குள்ளேயே திருப்பிப் போட்டு அனுப்பினேன். ஏதோ சங்கத்து வேலையாக மாசிக்குப் பிறகு கொழும்பு வருகிறானாம், உன்னைப் பார்ப்பானாம். சோறு போடு, பசியோடு அனுப்பாதே, அழகன் படிப்பைப் பற்றிப் பேசினால் மட்டும் உள்ளே எழும்பிப் போய்விடு.

அங்கே மழையில் நனையாதே, இருமல் வந்தால் கொத்தமல்லி அவித்துக் குடி. சித்திரைப் பூசைக்கு லீவு கேட்க இப்போதே சொல்லி வை. அம்மன் உன்னையும் உன் பிள்ளையையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். பாதிரியாருக்கு லயம் தெரியாது, அவரை விட்டுவிட்டேன். மாஸ்டர் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர், அவரையும் விட்டுவிட்டேன். செல்லசாமி தூங்கினான். பூரணி எங்கே, யார் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தாள் என்று தெரிந்தே கை தூக்கியவன் ஒருவன்தான், அவனை நான் கட்டையில் போகும்வரை மன்னிக்க மாட்டேன், அவன் என் தம்பி பொன்னையா.

இப்படிக்கு
உன் அம்மா
பேச்சியம்மா