பீப்பாய்க்குப் பின்னால் வெள்ளைச் சுவர்

அக்டோபர் 9

மறுபடியும் நிலவறை. இந்த எகெர் நகரத்தில் மேலே கட்டியதைவிட ஒயின் வைக்கக் கீழே தோண்டியதுதான் அதிகம். எந்தப் பள்ளம் எந்த வீட்டை விழுங்கும் என்று முன்கூட்டியே சொல்லத்தான் நகராட்சி எனக்குச் சம்பளம் தருகிறது.

இன்று அரங்காவின் முடிதிருத்தும் கடை. தரையில் சுவருக்குச் சுவர் விரிசல்.

"நாற்காலி தானாவே சாயுதுப்பா. ஒரு பக்கம் முடி நீளமா இருக்குன்னு வர்றவங்க சண்டை போடறாங்க" என்று சிரிக்கிறாள். சிரிக்கிற விஷயமா இது? அவளுக்கு நிலவறையே கிடையாது. அப்படியானால் கீழே குழி யாருடையது?

பக்கத்து வீடு கோர்னேலுடையது. போர்பாலாவின் அப்பா. வசந்தத்தில் எனக்கும் அவளுக்கும் கல்யாணம், அப்புறம் எனக்கு மாமனார்.

அக்டோபர் 10

வேறு யாரையாவது அனுப்பச் சொன்னேன். ஆளில்லையாம்.

அக்டோபர் 14

"வா மாப்ளே. கருவியெல்லாம் வெளிய வை. இங்க நாக்குதான் கருவி" என்று கோர்னேல் கதவைத் திறந்தார்.

உள்ளே சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சை, ஆட்டுத்தோல் போல. கடைசிப் பீப்பாய் மட்டும் குறுக்கே நின்றது. நகர்த்தச் சொன்னேன்.

"எங்க தாத்தா வெச்சது. நகராது."

நகர்ந்தது. பின்னால் ஓர் அறை.

"இதுவும் தாத்தா தோண்டினதுதான்" என்றார்.

சுவர் வெள்ளையாக இருந்தது! ஒயின் ஆவி குடித்துக் குடித்துக் கல் கறுக்கப் பல வருஷம் ஆகும். இது வெட்டிய வெண்ணெய் மாதிரி, உளித் தடம்கூட மழுங்காமல். ஊர் முழுக்க இதே கதைதான். பீப்பாய்க்கு இடம் போதவில்லையா, அடுத்தவன் வீட்டடியில் கொஞ்சம் குடை, ஒரு பீப்பாயை வைத்து மறை. எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள்.

தலைக்கு மேலே முடி உலர்த்தும் இயந்திரம் இரைந்தது. அவ்வளவு மெல்லிய கூரை. யாரோ நடந்தார்கள். மண் உதிர்ந்தது.

எழுதிக் கொடுத்தால் நகராட்சி நிலவறையைச் சிமெண்டால் அடைத்துவிடும். எழுதாவிட்டால் அரங்கா ஒருநாள் நாற்காலியோடு கீழே போவாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் யோசிக்கிறேன். அசதியாக இருக்கிறது.

அக்டோபர் 15

தற்காலிகமாகக் கடையை மூட வைத்தேன். முட்டு கொடுக்கச் சொன்னேன். "முட்டு" என்று மட்டும்தான் எழுதினேன், யாருடைய குழி என்று இன்னும் எழுதவில்லை. கோழை.

நவம்பர் 11

மார்ட்டின் நாள், வருஷத்துப் புது ஒயினைத் திறக்கிற விருந்து. கோர்னேல் வீட்டில் வாத்துக் கறி, புது ஒயின். முதல் கோப்பையை எனக்கே ஊற்றினார். அதனால்தான் மனசு இன்னும் கசந்தது. வாயில் வைக்காமலே சொல்லிவிட்டேன்: நாளை எழுதப் போகிறேன், நிலவறை போகும்.

"பொண்ணு எடுக்க வந்தியா, குழி மூட வந்தியா?"

"அரங்கா செத்தா உங்களுக்குப் பரவாயில்லையா?"

"அவ என்னையே பொதைச்சிட்டுத்தான் போவா. உனக்கு அவளைத் தெரியாது."

போர்பாலா தட்டைப் பார்த்தபடி, "குடைஞ்ச கல்லை வாளியில சுமந்தது நான்தான். என்னையும் சேத்து எழுது" என்றாள்.

"எழுதறேன்" என்றேன். முட்டாள்! வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம் இல்லையா? கதவு வரைகூட அவள் வரவில்லை.

நவம்பர் 12

அறிக்கை கொடுத்தாயிற்று.

நவம்பர் 29

சிமெண்ட் லாரி வந்தது. கோர்னேல் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பீப்பாய்களை அரங்காவும் போர்பாலாவுமாக உருட்டி மேலே தெருவுக்கு ஏற்றினார்கள். "உங்கப்பன் என் காலடியில தோண்டினான், இப்ப அவன் சரக்கையும் நான்தான் தூக்கணும்" என்று அரங்கா தெருவுக்கே கேட்கக் கத்தினாள். போர்பாலா சிரித்தாள். என் பக்கம் திரும்பியதும் சிரிப்பு நின்றது.

டிசம்பர் 20

போர்பாலாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. நேற்றும்தான்.

ஜனவரி 22

வின்ட்ஸே நாள். என் பெயர் கொண்ட புனிதரின் நாள், இங்கே இன்னொரு பிறந்தநாள் மாதிரி. அலுவலகத்தில் கேக், கைகுலுக்கல், சலிப்பு.

திராட்சைக்காரர்கள் இன்று கொடிக் குச்சி வெட்டி வீட்டுக்குள் தண்ணீரில் வைப்பார்கள், அது துளிர்க்கிறதைப் பார்த்து வருஷத்தைச் சொல்ல. தங்கள் வீட்டில்தான் வைப்பார்கள், வெளியாட்களுக்குத் தருவதில்லை. மதியம் வாசல் காவலர் ஒரு ஜாடியைக் கொண்டு வந்தார். அதில் ஐந்தாறு குச்சிகள்.

"ஒரு பெரியவர் குடுத்தார் சார். பேர் கேட்டா, 'அந்த எஞ்சினியருக்குத் தெரியும்'னு திட்டிட்டுப் போயிட்டார்."

ஜன்னலோரம், வெயில் படுகிற இடத்தில் வைத்தேன். போர்பாலாவைப் போனில் கூப்பிட்டேன்.

எடுத்தாள்.