மரை சேராத பைப்பு

ஏப். 6, ஞாயிறு, 1997
மழை. புல்லு வெட்டற வேலை இல்ல, தப்பிச்சேன்.
அக்கா வீட்டுக்காரர், மாமா போன். அவர் வேலைக்குப் போயிருக்கற தீவுக்கே ஒரு போன்தான், போஸ்டாபீஸ்ல. பேசினா ரெண்டு செகண்ட் கழிச்சுத்தான் அங்க கேக்கும். அக்காவும் அவரும் ஒரே நேரத்துல பேசறாங்க, அப்புறம் ஒரே நேரத்துல கம்முனு ஆயிடறாங்க.
குடிதண்ணி ப்ராஜெக்ட் படுத்துது. சோலார் பம்ப் ஓடுது, டேங்க் ரெடி, ஜாயின்ட் பூரா ஒழுகுது. "டேப் சுத்திச் சுத்தி மாவுக்கட்டு போட்ட கால் மாதிரி ஆயிருச்சுடா." தண்ணி வராம கிளம்ப மாட்டாராம். அக்காவுக்குப் பிரசவ டேட் மே 4.

ஏப். 7
காலேஜப் பாதில விட்டதுலேர்ந்து ப்ளம்பிங் கடைல வேலை. வால்வு அடுக்கறப்ப பொறி தட்டுச்சு. அந்தத் தீவு பிரிட்டிஷ்காரன் ஆண்ட எடம். பைப்போட திருகு மரையும் அவன் அளவு. இங்க அமெரிக்காலேர்ந்து போன வால்வு அமெரிக்கன் மரை. ஒரு இஞ்சு பைப்புல, இஞ்சுக்கு அவனுக்குப் பதினொண்ணு மரை, இவனுக்குப் பதினொண்ணரை. மூணு சுத்து ஜோரா போகும், அப்புறம் மாட்டிக்கும்.
மாமா கோயமுத்தூர்ல பம்ப் மாட்டிப் பழகின கை. அங்கயும் பிரிட்டிஷ் மரை. ஒரு இஞ்சுன்னா எங்கயும் ஒரு இஞ்சுதான்னு ஆர்டர் எழுதிட்டாரு.

ஏப். 8
போன்ல மாமாவ பைப்பு மரைய ஸ்கேல் வெச்சு எண்ணச் சொன்னேன். எண்ணிட்டு வந்தாரு.
"பதினொண்ணு."
"அதான்."
"டேய், நான் இன்ஜினியர்டா!"
"தெரியும் மாமா. யார்ட்டயும் சொல்லல."

ஏப். 9
லஞ்ச் ப்ரேக்ல துறைமுகம் பக்கம் ஓட்டினேன். கப்பலுக்குச் சாமான் விக்கற கடை. ரெண்டு மரையையும் சேக்கற அடாப்டர், 24 வாங்கினேன்.
கப்பல் ஆறு வாரத்துக்கு ஒண்ணு. வாரம் ஒரு குட்டி ப்ளேன் உண்டு, ஆளையே எடை போட்டுத்தான் ஏத்துவானாம். வெயிட் கூடினா மொதல்ல பார்சலத்தான் இறக்குவான். அக்கா அடாப்டர் பார்சல்ல ஊறுகா பாட்டில வெச்சா. எடுத்தேன். முறைச்சா. சின்ன பாட்டிலா வெச்சேன்.

ஏப். 22
ஒழுகல!! தண்ணி வந்துருச்சு. பொம்பளைங்க குழாய மூடவே விடலயாம், பாத்துக்கிட்டே நின்னாங்களாம். அக்காவுக்கு அழுகை.
"எப்ப வர்றீங்க?"
ரெண்டு செகண்ட். அஞ்சு செகண்ட். லைன்ல கோளாறு இல்ல.
பம்ப் பாத்துக்க ரெண்டு மாசம் ட்ரெயின் பண்ணின ஆளு, அந்த வேலை தெரிஞ்சதாலயே நியூஸிலாந்துல வேலை கிடைச்சுக் கப்பலேறிட்டானாம். இப்ப ரெண்டு பொம்பளைங்க கத்துக்கறேன்னு நிக்கறாங்க. மூணு வாரம் ஆகும். இப்பக் கிளம்பினா அடுத்த ரிப்பேரோட பம்ப் குப்பை.
"நீ வான்னு சொல்லு, வியாழக்கிழமை ப்ளேன்ல ஏறிடறேன்."
அக்கா யோசிச்சு சொல்றேன்னா.

ஏப். 23
அக்காகிட்ட நான் கத்தினேன். பொண்டாட்டிக்கு மேல என்ன ப்ராஜெக்ட்?
"நீ எதையாவது முடிச்சிருக்கியாடா?"
சுருக்குனு இருந்துச்சு. வெளிய போய் கார்ல உக்காந்தேன். பின்னாடியே வயித்தத் தூக்கிட்டு வந்து பக்கத்து சீட்ல உக்காந்தா. "சாரி கண்ணு." தலையக் கலைச்சு விட்டா.
சாயங்காலம் அவளே டயல் பண்ணா. "கத்துக் குடுத்துட்டே வாங்க. இங்க தம்பி இருக்கான்."
என்னையக் கேக்கவே இல்ல.

ஏப். 26, சனி
ஆஸ்பத்திரில பிரசவ க்ளாஸ். தலைகாணி ரெண்டு, தண்ணி பாட்டில். மத்ததெல்லாம் புருஷன் பொண்டாட்டி. டீச்சர் என்னைய "டாடி"ங்கறா. "தம்பி"ன்னேன், புரியல.
மூச்சு இழு, விடுன்னு நான்தான் சொல்லணுமாம். சொன்னேன். அக்கா சிரிச்ச சிரிப்புல க்ளாஸே திரும்பிப் பாத்துச்சு. அப்புறம் சிரிப்பு நின்னு போச்சு. என் கையப் பிடிச்சா பாரு ஒரு பிடி, விரலெல்லாம் வெளுத்துப் போச்சு. இது வெறும் ப்ராக்டீஸ்தானாம்.