பச்சைப்புறா இல்லை

பிப்ரவரி 3

காலையிலேயே உதவியாளரிடம் சத்தம் போட்டேன். என் நாற்காலிக்கு எதிரே, காட்டைப் பார்த்தபடி இருக்கும் பெரிய கண்ணாடியில் மாவு பூசினாற்போல் ஒரு கறை. "பளபளன்னு தொடச்சேன் டாக்டர். அது வெளிப்பக்கம்" என்றாள். வெளியே போய்க் குனிந்து பார்த்தேன். கறை இல்லை. விரித்த இரண்டு சிறகு, ஒரு நெஞ்சு, திரும்பிய தலை! தினமும் பல் அச்சு எடுக்கிறவளுக்கு அச்சு தெரியாதா? ஏதோ ஒரு பறவை முழு வேகத்தில் வந்து மோதி, இறகுப் பொடியை அப்படியே விட்டுப் போயிருக்கிறது. என் இடுப்புக்கும் கீழே. அவ்வளவு தாழ்வாகவா ஒரு பறவை பறக்கும்? புல்லில் பச்சையாக மின்னும் ஓர் இறகு. பறவையைக் காணவில்லை. பிழைத்துப் போயிருக்கும்.

அக்காவிடம் சொல்லவில்லை. அவளும் பல் டாக்டர், பக்கத்து நாற்காலிதான் அவளுக்கு. சுவரை இடித்துக் கண்ணாடி போட வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றபோது, "பல்லைக் காட்ட வர்றவங்களுக்குக் காடு எதுக்குடி?" என்று கேட்டவள். இதைச் சொன்னால் வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிடும்.

பிப்ரவரி 5

அக்கா வீட்டுக்காரரிடம் இறகை நீட்டினேன். அத்தான் எதற்கும் தெரியாது என்று சொன்னதில்லை. "புறா இறகு. பச்சையா இருக்கு. அப்ப பச்சைப்புறா!" தீர்ப்பு முடிந்தது.

புத்தகத்தில் பார்த்தேன். பச்சைப்புறா உயரமான மரங்களில் பழம் தின்னுமாம், தரைக்கு இறங்குவதே அபூர்வமாம். அச்சு ஏன் அவ்வளவு கீழே? மேலிருந்து சறுக்கி வந்திருக்கும்.

பிப்ரவரி 8

கழுத்து வலி. மூன்று நாளாக அண்ணாந்து பார்த்ததன் பலன். ஒரு புறாகூடக் கண்ணில் படவில்லை.

மதியம் யாரோ முனகும் சத்தம். ஹூம்... ஹூம்... வேரில் சீழ் கோத்தவர்கள் அப்படித்தான் முனகுவார்கள். கூடத்துக்கு ஓடி, "யாருக்கு வலி?" என்றேன். செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் நிமிர்ந்து, "எனக்கு இன்னும் ஆரம்பிக்கலையே டாக்டர்" என்றார். சத்தம் காட்டுக்குள்ளிருந்து வந்தது. அடித்தொண்டையில், மூக்கால், மெதுவாக ஏறிக்கொண்டே. பறவையா அது?

பிப்ரவரி 11

கருப்புக் காகிதத்தில் பருந்து வெட்டிக் கண்ணாடியின் மேல்மூலைகளில் ஒட்டினேன். மரத்திலிருந்து வருவது மிரளட்டும் என்று. "என்னடி, கண்ணாடிக்கு மை வைக்கிறியா?" என்றாள் அக்கா. மழுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 12

எப்படியாவது அதை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட வேண்டும். கண்ணாடிக்கு எதிரே, மரத்தடியில் தானியம் தூவினேன்.

பிப்ரவரி 13

வந்தது! ஒன்றில்லை, இரண்டு! நோயாளியின் வாயில் பல் பார்க்கும் கண்ணாடிக்குச்சியை வைத்தபடியே பார்த்தேன். நிழலில், சருகுக்கு நடுவே, நிதானமாக நடந்து வந்தன. ஒவ்வோர் அடிக்கும் தலை முன்னே போய்ப் பின்னே வருகிறது. தரைக்கே இறங்காத பறவை எப்படி இத்தனை பழக்கமாக நடக்கிறது? கேள்வி வந்தது. ஆனால் சந்தோஷத்தில் அதை ஓரம் கட்டிவிட்டேன்.

பிப்ரவரி 15

செத்துப்போச்சு.

இரண்டும் தின்றுகொண்டிருந்தன. வாசலில் எவனோ ஹாரன் அடித்தான். ஒன்று மரத்துக்கு எழும்பவே இல்லை. தரையை ஒட்டி, விட்டெறிந்த கல் மாதிரி நேரே கண்ணாடிக்கு வந்தது. நான் மேலே ஒட்டிய பருந்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஓடிப்போய் எடுத்தேன். சூடு இருந்தது. கழுத்து நிற்கவில்லை.

நான்தானே வரவழைச்சேன்? நான்தானே தீனி போட்டேன்?

முதல் தடவையாக அதைக் கிட்டத்தில் பார்த்தது இப்படித்தான். சிறகு மட்டும்தான் பச்சை. நெஞ்சும் முகமும் கருஞ்சிவப்பு கலந்த பழுப்பு. அலகு பவழச் சிவப்பு. நெற்றி வெள்ளை, தோளில் ஒரு வெள்ளைத் திட்டு. புத்தகத்தில் நான்கு பக்கம் தள்ளி அப்படியே இருந்தது. மரகதப்புறா. ஆண். தரையில் நடந்தே இரை தேடும். மிரண்டால் தாழ்வாக, மிக வேகமாகப் பறக்கும். கண்ணாடியில் மோதும் வழக்கமும் உண்டு என்று போட்டிருக்கிறது. முனகுவதும் இதுதான்.

பச்சை என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு கீழே நடப்பதை மேலே தேடியிருக்கிறேன். அத்தானைச் சொல்லிக் குற்றமில்லை. அச்சு என் இடுப்புக்குக் கீழே இருந்ததே, அதை நான் நம்பியிருக்க வேண்டாமா?

அக்கா வந்து பக்கத்தில் நின்றாள். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 17

விடுமுறை. தானியத்தை ஒன்றுவிடாமல் பெருக்கி எடுத்தேன். பிறகு மரத்தடியில் குப்புறப் படுத்தேன், புறா உயரத்துக்கு. கண்ணாடியே தெரியவில்லை. அதற்குள் காடு நீண்டுகொண்டே போகிறது. அதே மரம், அதே நிழல், நடுவே அழகான ஓர் இடைவெளி. நானே எழுந்து ஓடியிருப்பேன்.

மற்றது வந்தது. நெற்றியில் வெள்ளை இல்லை, உடம்பு இன்னும் பழுப்பு. பெண். என்னைப் பார்த்தும் பறக்கவில்லை, நடந்தே விலகியது. கொஞ்சம் நின்று, சுற்றிப் பார்த்து, மறுபடி கொத்தியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிப்ரவரி 18

கீழ்ப்பாதி முழுக்கப் பால்நிறத் தாள் ஒட்ட வேண்டும். அதுவும் வெளிப்பக்கம். உள்ளே ஒட்டினால் காட்டின் பிம்பம் அப்படியேதான் இருக்கும். சாய்ந்து படுக்கும் நோயாளிக்கு மேல்பாதி போதும், வானமும் கிளையும். முக்காலியில் உட்காருகிற எனக்குத்தான் இனி ஒன்றும் தெரியாது. அந்தக் காட்டைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யத்தானே வீட்டில் அத்தனை சண்டை போட்டேன்? வெறும் பருந்தைக் கீழே இறக்கி ஒட்டினால் போதாதா? போதாது. தெரிந்துகொண்டே கேட்கிறேன்.

பிப்ரவரி 20

ஒட்டியாயிற்று. ஒரு முனையை நான் பிடித்தேன். மறுமுனையைப் பிடிக்க உதவியாளரைக் கூப்பிட்டேன், அக்கா வந்தாள். "கோணலா ஒட்டாதடி, வாழ்க்கை பூரா நான் பாக்கணும்" என்றாள்.

பிப்ரவரி 21

வெள்ளைச் சுவர். பழைய சுவரையே விட்டிருக்கலாம்.

மார்ச் 9

காலை வெயில் காட்டின் பக்கமிருந்து சாய்வாக விழுந்தது. தையற்காரர் ஒருவருக்குக் கடைவாய்ப்பல்லில் துளையிட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளைத் தாளின் ஓரத்தில் ஒரு நிழல். சிறிய தலை, கொழுத்த உடம்பு. ஓர் அடி, தலை முன்னே. இன்னோர் அடி. என் கால் தானாக மிதியிலிருந்து எழுந்தது, இயந்திரம் நின்றது.

பக்கத்தில் அக்காவின் இயந்திரம் இன்னும் இரைந்துகொண்டிருந்தது. நான் கையைக்கூடக் காட்டவில்லை. அதுவும் நின்றது.

சருகில் நடக்கும் சத்தம் கேட்டது. நிழல் கண்ணாடியின் நடுவில் நின்றது. அதன் பின்னால் இன்னொன்று வந்தது. தலையை ஆட்டி ஆட்டி, முதலாவதைச் சுற்றி நடந்தது.

"ஜோடியா?" என்றாள் அக்கா, உதடு மட்டும் அசைய.

தலையாட்டினேன். தையற்காரர் திறந்த வாயோடு என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "கொஞ்சம் பொறுங்க" என்று அவர் தோளில் கை வைத்தேன். பாவம், அவரும் பொறுத்துக்கொண்டார்.