கரித்துண்டு வைக்காத சோறு

ஏனுங்க,

நேற்றுக் கடையைக் காலி செய்துவிட்டேன். அண்டா, குண்டா, கரண்டி எல்லாம் பழைய சாமான்காரர் வண்டியில் ஏறிப் போய்விட்டன. கல்லாப்பெட்டிக்கு அடியில், கை எட்டாத மூலையில் ஒரு பிஸ்கட் டப்பா அகப்பட்டது. திறந்தால் கரி. தேங்காய்ச் சிரட்டையை எரித்து, தண்ணீர் தெளித்து அணைத்து, கட்டைவிரல் அளவுக்கு உடைத்து நீங்கள் போட்டு வைத்த கரி. அணைந்த அடுப்பின் வாசம் குப்பென்று வந்தது பாருங்கள், அங்கேயே சிமெண்ட் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "அக்கா, இதையும் எடுத்துப் போட்டுரலாமுங்களா?" என்றார் சாமான்காரர். "அதத் தொட்டுப்போடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் மனிதர் வாசலுக்கே போய்விட்டார். பாவம், அவர் என்ன செய்வார்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று நான் கேட்கப் போவதில்லை. எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுத்தானே கிளம்பினீர்கள். நானே சொல்லிக்கொள்கிறேன்.

கல்யாணமான புதிதில் பழனிக்குக் கிளம்பினோம். நீங்கள் அப்போதுதான் வாங்கியிருந்த அந்தப் பழைய வேன், பின்சீட்டில் உங்கள் அம்மா. விடியற்காலையில் புளிச்சோறு கிளறி நான் பொட்டலம் கட்டும்போது அத்தை ஒரு கரித்துண்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். "சோத்து வாசத்துக்குத் தடத்துல காத்துக்கருப்பு பின்னாலயே வரும் கண்ணு. பசியோட செத்ததெல்லாம் அலையும். இதச் சோத்துக்கு மேல வெச்சுப்போடு, கிட்ட அண்டாது." அன்னூரில் எங்கள் அம்மா வீட்டில் வேப்பங்கொத்து செருகித்தான் பழக்கம். கரியை எங்கே வைப்பது என்று எனக்கு என்ன தெரியும்? சோற்றுக்கு மேல் என்றால் சோற்றுக்கு மேலேயே வைத்து, இலையை மூடிக் கட்டிவிட்டேன்.

தாராபுரம் தாண்டுவதற்குள் வேன் போட்ட ஆட்டத்தில் கரி நொறுங்கிச் சோற்றோடு சோறாகிவிட்டது. அமராவதிக் கரையில் ஒரு மரத்தடியில் நிறுத்திப் பொட்டலத்தைப் பிரித்தோம். முதல் வாய் நீங்கள்தான் வைத்தீர்கள். நறுக்கென்று ஒரு சத்தம். அத்தை என்னைப் பார்த்த பார்வையில் ஆற்றில் விழுந்துவிடலாம் என்று திரும்பினால், முழங்கால் தண்ணீர்கூட ஓடவில்லை. நீங்கள் கருத்த பல்லைக் காட்டிச் சிரித்தீர்கள். "பல்லு வெளக்கியாச்சு அம்மணி. இனிச் சோத்தப் போடு!" அத்தையே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் நான் உங்கள் வீட்டு மனுஷியானேன். அதற்குப் பிறகு கரியை ஒரு துண்டு வாழைச்சருகில் சுற்றி, நாரால் கட்டி, பொட்டலத்தின் முடிச்சில் செருகுவது என் வழக்கமாயிற்று.

நமக்கு என்ன பெரிய வசதி இருந்தது? கருமத்தம்பட்டியில் வீட்டை ஒட்டி ஒரு தறி ஷெட். தறி ஓடினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. ஊரிலேயே சத்தமாகப் பேசுகிறவர் நீங்கள்தான். கோயிலில் சாமியிடம் வேண்டிக்கொள்வதுகூட அடுத்த வரிசைக்குக் கேட்கும். ஆனாலும் பாவு நூல் தீர்ந்து தறி நின்றால் போதும், "கெளம்பு அம்மணி" என்று வேனைத் துடைக்க ஆரம்பித்துவிடுவீர்கள். கொடுமுடி, மேட்டூர், மைசூர், ஒரு தடவை கன்னியாகுமரி. எங்கே போனாலும் ஓட்டல் வாசலில் கால் வைக்க விடமாட்டீர்கள். ஆள் அரவமில்லாத இடமாகப் பார்த்து வேனை நிறுத்துவீர்கள். "கேக்குதா?" என்பீர்கள். "என்னங்க?" என்பேன். "ஒண்ணுமே கேக்கல பாரு!" பொட்டலம் பிரித்துத் தின்று முடிக்கும் வரை நீங்கள் வாய் திறந்து பேசியதில்லை. வருஷமெல்லாம் கத்தின மனிதர் அந்தக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். அதற்காகத்தான் நான் அத்தனை புளிச்சோறு கிளறினேன்.

வால்பாறை போன மழைக்காலத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. மலைப்பாதையில் மரம் விழுந்து, முன்னாலும் பின்னாலும் வண்டிகள் நின்றுவிட்டன. அடுத்த காரில் ஒரு குழந்தை பசியில் வீறிட்டது. நம் பொண்ணு அப்போது ஐந்தாவது படித்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு வண்டி வண்டியாகப் போய், தீபாவளி நோம்பிக்கு வந்த ஒறம்பரைச் சொந்தங்களைக் கவனிக்கிற மாதிரி அத்தனை பேருக்கும் நம் பொட்டலத்தைப் பங்கு வைத்தீர்கள். ஒருவர் தின்றுகொண்டே கேட்டார், "எந்தக் கடைங்க? போற வழியில வாங்கிக்கறோம்." "கடையில்லீங்க, என்ற ஊட்டுக்காரி!" என்று மலையே எதிரொலிக்கச் சொன்னீர்கள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவருடைய மனைவி முடிச்சிலிருந்த கரியை எடுத்து இது எதற்கு என்று கேட்டார். அதற்கு நீங்கள் சொன்னது இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். "கரி இருந்தா, நீங்க நல்லபடியாப் போய்ச் சேரோணும்னு ஆரோ ஒருத்தர் நெனச்சிருக்காங்கன்னு அர்த்தமுங்க. கரி இல்லீன்னா அது வெறும் பார்சல்."

பிறகு தறிக்குக் கேடு வந்தது. ஓட்ட ஓட்ட நஷ்டம் என்று ஊரே பழைய இரும்புக்குப் போட்டபோது நாமும் போட்டோம். ஷெட்டில் சத்தம் நின்ற அன்று நீங்கள் சும்மா இருக்கவில்லை, வாசலில் நின்று அழுதீர்கள். மறுநாளே எழுந்து, "ஊர் சுத்தப் போறவங்களுக்கு நாம கட்டிக் குடுக்கலாம் அம்மணி. நாம திங்கற மாதிரியே, கரியோட" என்றீர்கள். அவிநாசி ரோட்டோரம் அந்தச் சின்னக் கடை அப்படித்தான் வந்தது. போர்டில் வேறு பெயர் எழுதியிருந்தாலும் எல்லாருக்கும் அது கரித்துண்டுக் கடைதான்.

நன்றாகத்தான் ஓடியது. ஆனால் ஒன்றை நாம் இரண்டு பேரும் யோசிக்கவேயில்லை பாருங்கள். ஊர் சுற்றுகிறவர்கள் லீவு நாளில்தான் கிளம்புவார்கள். அன்றைக்குத்தான் நமக்குத் தலைபோகிற வேலை. கடை திறந்த பிறகு நாம் ஒரு ஊருக்கும் போகவில்லை. வாங்க வருகிறவர்களிடமெல்லாம் நீங்கள் "எங்கீங்க போறீங்க?" என்று கேட்பீர்கள். தனுஷ்கோடி என்று யாராவது சொன்னால் கை அப்படியே நின்றுவிடும். "நெலம் முடியற எடமாமா அம்மணி. அடுத்த நோம்பிக்குக் கடைய மூடிப்போட்டுப் போயிரலாம்." ஒவ்வொரு நோம்பிக்கும் இதையே சொன்னீர்கள். நானும் ஒவ்வொரு தடவையும் சரீங்க என்றேன். எங்கே போனோம்?

ஒரு காலையில் ஊட்டிக்குப் போகிற குடும்பத்துக்குப் பொட்டலத்தை நீட்டிக்கொண்டே கீழே உட்கார்ந்தீர்கள். "சித்த இரு, மயக்கமா வருது" என்றீர்கள். அவ்வளவுதான். பிறகு ஆஸ்பத்திரியில் பேச்சு வரவேயில்லை. அன்று காலைச் சாப்பாடுகூடச் சாப்பிடவில்லை நீங்கள். "இந்தக் கூட்டம் போகட்டும்" என்று தள்ளிப்போட்டிருந்தீர்கள். பசியோடுதான் போனீர்கள்.

காரியமெல்லாம் முடிந்து கடையைத் திறந்தேன். முதல் பொட்டலத்தைக் கட்டி, சருகில் சுற்றிய கரியை முடிச்சில் செருகப் போனேன். அத்தை அன்றைக்குச் சொன்னது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பசியோடு செத்ததெல்லாம் தடத்தில் அலையும், கரி வைத்தால் கிட்ட அண்டாது. கரியைக் கீழே போட்டேன். நீங்கள் அந்தத் தடத்தில் எங்காவது நின்றுகொண்டிருந்தால்? என் கைச்சோற்று வாசம் பிடித்துக்கொண்டு வந்தால்? உங்களை அண்டவிடாமல் நானே விரட்டுவேனா? அன்றிலிருந்து ஒரு பொட்டலத்திலும் கரி வைக்கவில்லை. டப்பாவை மூலையில் தள்ளிவிட்டேன்.

"ஏனுங்க, கரித்துண்டக் காணமே?" என்று வழக்கமாக வருகிறவர்கள் கேட்டார்கள். கரி தீர்ந்துவிட்டது என்றேன். அவர்களும் மெல்ல மெல்ல வருவதை விட்டார்கள். அப்புறம் மேம்பாலம் வந்தது. வண்டிகள் நம் தலைக்கு மேலேயே போய்விடுகின்றன, யாரும் கீழே இறங்குவதில்லை. மிச்சமாகிற சோற்றை மாட்டுத்தொட்டியில் கொட்டிக் கொட்டி எனக்கு அலுத்துவிட்டது. ஓசூரிலிருந்து பொண்ணு போனில் அழுதாள். "மூடிரும்மா. அப்பாவுக்காக வெச்சிருக்கன்னு தெரியும். அப்பா வந்தா பாக்கப் போறாரு?" அவள் ஏதோ ஆற்றாமையில் கேட்டாள். நான் உண்மையாகவே அதற்குத்தான் வைத்திருந்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

இன்று காலையில் கடைசியாக ஒரு தடவை புளிச்சோறு கிளறினேன். கரி வைக்காமல் கட்டிக்கொண்டு, பஸ் மாறி மாறித் தாராபுரம் போனேன். அந்த மரம் இல்லை. இடம் மட்டும் ஏறக்குறைய தெரிந்தது. ஆற்றில் இன்றைக்கும் தண்ணீர் இல்லை. இரண்டு இலை போட்டேன். உங்கள் இலையில் நிறைய வைத்தேன். அங்கே எந்தச் சத்தமும் இல்லை, உங்களுக்குப் பிடித்திருக்கும்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கிட்டே வந்தார். "ஏனுங்க அம்மணி, ஆராச்சும் வரோணுமுங்களா?"

"ஆமாங்க."

"வாரேன்னு சொன்னாங்களா?"

"இல்லீங்க."

அவர் இரண்டு இலையையும் பார்த்தார். "நீங்க சாப்புடுங்க. வெயில் ஏறுது" என்று சொல்லிவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்தேன். ஒரு காக்காய்கூட வரவில்லைங்க. உங்கள் இலையில் எறும்புதான் ஏறியது. இத்தனை நாளும் தடத்தைத் திறந்துதானே வைத்திருந்தேன்? ஒரு பொட்டலத்திலாவது நீங்கள் வந்து கை வைத்ததாக எனக்குத் தோன்றவேயில்லை. வெறும் பார்சல்களைத்தான் விற்றிருக்கிறேன்.

நாளைக்குப் பொண்ணு வந்து என்னை ஓசூருக்குக் கூட்டிப் போகிறாள். இனி இந்தப் பக்கம் எனக்கு எந்த வேலையும் இல்லை. பஸ்ஸில் தின்ன ஏதாவது வாங்கிக்கொள்ளலாம் என்கிறாள். வேண்டாம், நானே கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கரி டப்பாவைப் பைக்குள் வைத்தாயிற்று. நீங்கள் வரமாட்டீர்கள் என்று இன்றைக்கு எனக்கு நன்றாகவே தெரிந்துவிட்டது. ஆனாலும் சோறு கட்டும்போது அந்த டப்பாவைத் திறக்கமாட்டேன்.